காவிரிக் கரையில் எபிரேயம்

குடமுருட்டிக் கரையில் அமைந்த திருக்காட்டுப்பள்ளி, அக்கினீசுவரர் திருக்கோயிலால் தேவாரப் பாடல் பெற்ற பதி. அதற்கு அண்மையில் உள்ள பூண்டி, மாதா பேராலயத்தால் நாடெங்கும் அறியப்பெற்றது. 1999ஆம் ஆண்டில் பசிலிக்கா என்னும் சிறப்பு நிலை பெற்ற அப்பேராலயத்துக்குத் திருவிழாக் காலங்களில் வருவோர் பல மாவட்டத்தினர், பல சமயத்தினர். அங்கு ஒலிக்கும் வழிபாட்டில் மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: ஆமென், அல்லேலூயா, ஓசன்னா. இவற்றைச் சொல்வோர் பலரும் இவை இலத்தீன் சொற்கள் என்றோ ஆங்கிலச் சொற்கள் என்றோ கருதியிருக்கக் கூடும். மூன்றும் எபிரேயம். நெல் விளையும் நம் நாட்டில், தமிழ் வழிபாட்டின் நடுவே, மொழிபெயர்க்கப்படாமலேயே நிலைத்துவிட்ட சொற்கள் அவை.

ஒரு மொழியின் மூன்று சொற்களை நாள்தோறும் நாவில் வைத்திருக்கும் மக்கள், அம்மொழி யாது, அதற்குச் சமய உலகில் உள்ள இடம் யாது, அதனை ஏன் கற்க வேண்டும் என்று கேட்பது முறையே ஆகும். அக்கேள்விக்கு விடை தேட நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. காவிரி கடலொடு கலக்கும் பூம்புகாருக்குத் தெற்கே தரங்கம்பாடி வரை சென்றாலே போதும். எபிரேயமும் தமிழும் ஒரே மேசையில் அருகருகே வைத்துப் படிக்கப்பட்ட வரலாறு அங்கே கிடைக்கிறது.

மெய் மட்டும் எழுதும் மொழி

எபிரேயம் செமித்திய மொழிக் குடும்பத்தைச் சார்ந்தது; அரபு, அரமேயம் ஆகியவற்றின் உடன்பிறப்பு. வலமிருந்து இடமாக எழுதப்படுவது. எழுத்துகள் 22, அவை யாவும் மெய்யெழுத்துகள். உயிரொலியைப் படிப்பவர் தாமே கூட்டிக்கொள்ள வேண்டும். உயிரையும் மெய்யையும் தனித்தனியே பெயரிட்டு வகுத்த நம் இலக்கண மரபினருக்கு இச்செய்தி சுவையானது. உடலை மட்டும் எழுதி, உயிரைப் படிப்பவரின் நாவுக்கு விட்டுவிட்ட எழுத்துமுறை அது.

பெரும்பாலான சொற்கள் மூன்று மெய்களாலான வேரினின்று கிளைக்கும். க், த், வ் என்னும் மூன்றினின்று ‘எழுதினான்’, ‘எழுத்து’, ‘கடிதம்’, ‘திருமண ஒப்பந்தம்’ எனப் பல பொருட் சொற்கள் தோன்றும். ஷ், ல், ம் என்னும் வேரினின்று பிறந்தது ‘ஷாலோம்’. அதன் உடன்பிறப்பாகிய அரபு மொழி வேரினின்று பிறந்தவை ‘ஸலாம்’, ‘இஸ்லாம்’, ‘முஸ்லிம்’ என்னும் சொற்கள். நாகூரில் ஒருவர் சொல்லும் வணக்கமும் எருசலேமில் ஒருவர் சொல்லும் வணக்கமும் ஒரே வேரின் இரு கிளைகள். நம் ஊர்ப் பெயர்களை எண்ணிப் பார்ப்பினும் இது விளங்கும். ஆபிரகாம் – இப்ராகிம், தாவீது – தாவூது, யோசேப்பு – யூசுப், மரியா – மரியம் என ஒரே தெருவில் இரு வடிவில் வழங்கும் பெயர்கள் யாவும் எபிரேய மறையொடு தொடர்புடையவை.

யூதர்கள் எபிரேயத்தை ‘லெஷோன் ஹகோதெஷ்’, அதாவது தூய மொழி என்பர். தோரா என்னும் திருச்சட்டம், இறைவாக்கினர் நூல்கள், ஏனைய எழுத்துகள் என மூவகைப்பட்ட 24 நூல்கள் அவர்தம் மறை. கிறித்தவர்கள் அவற்றையே பழைய ஏற்பாடு என வேறு வரிசையிலும் எண்ணிக்கையிலும் கொண்டுள்ளனர். தானியேல், எஸ்ரா ஆகிய நூல்களின் சில பகுதிகள் அரமேயத்தில் உள்ளன. ஏறத்தாழ எஞ்சியவை அனைத்தும் எபிரேயம். இறைவன் சொல்லால் உலகைப் படைத்தான் என அம்மறை தொடங்குவதால், அச்சொல்லின் மொழியும் அவர்களுக்குப் புனிதமாயிற்று.

தொழுகைக் கூடத்தில் படிக்கும் தோராச் சுருள் இன்றும் தோலில் கையால் எழுதப்படுகிறது. அதில் 304,805 எழுத்துகள் என்பது மரபுவழிக் கணக்கு. ஓர் எழுத்து சிதைந்தாலும் திருத்தும்வரை அச்சுருளைப் பொதுவில் படிப்பதில்லை. இறைவனின் திருப்பெயரை ய், ஹ், வ், ஹ் என்னும் நான்கு மெய்களால் எழுதுவர். ஆயின் அதனை உச்சரிப்பதில்லை. அவ்விடத்தில் ‘என் ஆண்டவர்’ எனப் பொருள்படும் ‘அதோனாய்’ என்னும் சொல்லையே படிப்பர். மதிப்புக்குரியோர் பெயரை வாய்விட்டுச் சொல்லாத வழக்கத்தைக் குடும்பங்களில் கண்டு வளர்ந்த நமக்கு இவ்வடக்கம் புதிதன்று.

புள்ளியும் ஏடும்

பேச்சு வழக்கு குன்றக் குன்ற, உயிரொலி மறந்துபோகும் அச்சம் எழுந்தது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு அளவில் எபிரேயம் அன்றாடப் பேச்சினின்று மறைந்து, வழிபாட்டிலும் கல்வியிலும் மட்டும் நின்றது. ஆகவே ஏழாம் நூற்றாண்டு முதல் பத்தாம் நூற்றாண்டு வரை, கலிலேயாவின் திபேரியா நகரை மையமாகக் கொண்ட மசோரெத்தியர் என்னும் மரபுக் காவலர்கள், மெய்யெழுத்து ஒன்றையும் மாற்றாமல் அவற்றின் மேலும் கீழும் புள்ளிகளும் கோடுகளும் இட்டு உயிரொலியைக் குறித்தனர். எழுதியுள்ளது ஒன்று, படிக்க வேண்டுவது வேறு என்னும் இடங்களில் அதனை ஓரத்தில் குறித்து வைத்தனர். பாடபேதத்தைத் தம் விருப்பம்போல் திருத்திவிடாமல் இரண்டையும் காத்த நேர்மை அது. 1008–1009 அளவில் எழுதப்பட்ட லெனின்கிராடு ஏடே இன்று முழுமையாகக் கிடைக்கும் எபிரேய மறையேடுகளுள் தொன்மையானது. 1947 முதல் சாக்கடலோரக் குகைகளில் கிடைத்த சுருள்கள் அதனினும் ஆயிரம் ஆண்டு முந்தியவை. இரண்டையும் ஒப்பிட்டோர், சிற்சில வேறுபாடுகள் நீங்கலாக ஏசாயா போன்ற நூல்கள் பெரிதும் ஒத்திருப்பதைக் கண்டனர்.

நம் ஓலைச்சுவடிகளிலும் பெரும்பாலும் புள்ளி இராது. மெய்யா, உயிர்மெய்யா, எகரமா, ஏகாரமா என்பதைப் படிப்பவரே தெளிய வேண்டும். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் வடிவால் வேறுபடுத்தி இன்றுள்ள முறைக்கு வழிசெய்தவர் வீரமாமுனிவர் என்பது தமிழ் எழுத்து வரலாறு கூறும் செய்தி. திபேரியாவின் புள்ளிக்கும் வீரமாமுனிவரின் சுழிக்கும் நோக்கம் ஒன்றே: படிப்பவர் தடுமாறக் கூடாது என்பதே அது.

ஆயினும் ஒன்றில் நாம் வேறுபட்டோம். பழுதுற்ற மறையேடுகளையும் திருப்பெயர் எழுதிய தாள்களையும் யூதர்கள் எறிவதில்லை. ‘கெனீசா’ என்னும் அறையில் இட்டு வைப்பர், அல்லது புதைப்பர். கெய்ரோவின் பென் எஸ்ரா தொழுகைக் கூடத்தில் இவ்வாறு பல நூற்றாண்டுகளாகக் குவிந்தவற்றை 1896–97இல் சாலமன் செக்டர் ஆராய்ந்து கேம்பிரிட்ஜுக்குக் கொண்டு சென்றார். அவற்றுள் இந்தியக் கடல் வணிகக் கடிதங்களும் இருந்தன. பன்னிரண்டாம் நூற்றாண்டில் மங்களூரில் வாழ்ந்த ஆபிரகாம் பென் யிஜு என்னும் வணிகர் எழுதியவையும் பெற்றவையும், எபிரேய எழுத்தில் அமைந்த அரபு மொழிக் கடிதங்களாக அங்கே கிடைத்தன. நம் முன்னோரோ பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டனர். அவர்களிடமும் பக்தியே இருந்தது. ஆனால் கெய்ரோவில் கடிதம் எஞ்சியது, காவிரியில் ஏடு எஞ்சவில்லை.

செப்பேட்டில் இரு எழுத்து

தென்னாட்டில் எபிரேய எழுத்தின் சுவடு பழமையானது. கி.பி. 849 அளவில், சேர மன்னன் தாணு இரவியின் ஆட்சியில், வேணாட்டு ஐயனடிகள் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. அதன் இறுதியில் சாட்சியர் கையொப்பங்கள் உள்ளன. சில அரபு மொழியில் கூபி எழுத்திலும், சில பகலவி எழுத்திலும், சில எபிரேய எழுத்தில் பாரசீக மொழியிலும் அமைந்துள்ளன. ஒரு கிறித்தவப் பள்ளிக்கு அளித்த கொடைக்குப் பல சமய வணிகர் சாட்சியாக நின்றனர். வட்டெழுத்தும் எபிரேய எழுத்தும் ஒரே ஆவணத்தில் அமைந்த அருமை அதனுடையது.

அதன்பின் கி.பி. 1000 அளவில் பாஸ்கர இரவி என்னும் சேர மன்னன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணமும் 72 உரிமைகளும் வழங்கிய செப்பேடு எழுந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக் கூடத்தோடு அது தொடர்புடையது. சோழநாட்டுத் தமிழும் சேரநாட்டு மொழியும் இன்றைய அளவு பிரிந்திராத காலத்து ஆவணங்கள் இவை என்பது தமிழ் ஆர்வலர் கருதத்தக்கது.

தரங்கம்பாடி மேசை

1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள், தேனிய அரசரால் அனுப்பப்பட்ட சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். சீகன்பால்கு பயின்ற செருமனியின் ஹாலே நகரில், பிராங்கே என்னும் பேராசிரியரின் தலைமையில், மறையை மூலமொழியிலேயே கற்க வேண்டும் என்னும் கொள்கை வேரூன்றியிருந்தது. கீழை மொழிகளுக்கென 1702இல் அங்குத் தனிக் கல்விக் கழகமே நிறுவப்பட்டது. இக்கொள்கைக்குப் பின்னே இரு நூற்றாண்டு வரலாறு உண்டு. 1506இல் ரோய்க்லின் எபிரேய இலக்கணம் வெளியிட்டார். 1534இல் லூத்தர் எபிரேயத்தினின்று பெயர்த்த பழைய ஏற்பாட்டுடன் முழு மறையையும் செருமன் மொழியில் தந்தார். மக்கள் தம் மொழியில் மறையைப் படிக்க வேண்டுமாயின், பெயர்ப்பவர் மூலமொழியில் அதனைப் படித்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கண்ட நெறி.

அந்நெறியோடு வந்தவர் தமிழ்த் திண்ணைப் பள்ளியில் மணலில் எழுத்துப் பயின்றார். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் தரங்கம்பாடி அச்சகத்தில் அச்சேறியது. இந்திய மொழி எதிலும் அதற்கு முன் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சானதில்லை. பழைய ஏற்பாட்டை ரூத் நூல் வரை பெயர்த்த நிலையில், 1719 பிப்ரவரியில், தம் 36ஆம் வயதில் அவர் மறைந்தார். எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்ட்சே 1720களில் நிறைவேற்றினார். பின்னாளில் தஞ்சையில் பெரும்புகழ் பெற்ற சுவார்ட்சு ஐயர், ஹாலேயில் மாணவராயிருந்தபோதே சூல்ட்சேயிடம் தமிழ் கற்றவர். தமிழ் மறையின் அச்சுப் பணிக்கு உதவுவதற்காகவே அவர் தமிழைத் தொடங்கினார். ஒரு மறைநூல் காரணமாகத் தமிழ் பயின்ற அம்மாணவர் 1750இல் இந்நாட்டுக்கு வந்து, 1798இல் தஞ்சையிலேயே உயிர்நீத்தார். இரண்டாம் சரபோசி மன்னர் இளமையில் அவருடைய அரவணைப்பைப் பெற்றவர்.

அடுத்து வந்த பெப்ரிசியுசு 1740இல் தரங்கம்பாடிக்கு வந்து, பின் சென்னையில் தங்கி, ஏறத்தாழ வாழ்நாள் முழுதும் இப்பணியில் செலவிட்டார். அவருடைய மொழிபெயர்ப்பைத் தமிழ்நாட்டு லூத்தரன் சபையார் தலைமுறைகளாகப் போற்றினர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் ஐயரோடு ஆறுமுக நாவலர் உழைத்த பதிப்பு 1850இல் வெளிவந்தது. சைவத்தில் சிறிதும் தளராத நாவலர், கிறித்தவ மறையின் தமிழைச் செப்பனிட்ட அந்நிகழ்ச்சி நம் இலக்கிய வரலாற்றின் அரிய பக்கம். 1871இல் ஹென்றி பவர் தலைமையில் வெளியான ஒன்றிணைந்த பதிப்பில் முத்தையா பிள்ளை என்னும் தமிழறிஞரின் உழைப்பு கலந்தது.

இவ்வரலாற்றில் ஒரு குறை தொடர்ந்து காணப்படுகிறது. எபிரேயம் அறிந்தவர் கடல் கடந்து வந்தவர். அவருக்குத் தமிழ் கற்ற மொழி. தமிழில் ஊறியவர் பண்டிதர். அவருக்கு எபிரேயம் தெரியாது. மேசையின் ஒருபுறம் ஒருவரும் மறுபுறம் மற்றவருமாக அமர்ந்தனர். ஒருவர் பொருளைச் சொல்ல, மற்றவர் சொல்லைத் தந்தார். இரண்டு அறிவும் ஒரே நெஞ்சில் கூடியது அரிதினும் அரிது. தமிழகத்து இறையியலாளரும் விவிலிய அறிஞரும் தாமே மூலமொழிகளைப் பயின்று, கத்தோலிக்கரும் பிற சபையினரும் இணைந்து, 1995இல் திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பை வெளியிட்டபோதுதான் அம்மேசையின் இரு பக்கமும் ஒன்றாயின எனலாம்.

ஒரு சொல்லின் விலை

இஃது ஏன் பெரிதாகக் கருதத்தக்கது? ஒரு சொல்லைக் கொண்டே விளக்கலாம்.

எபிரேய மறையில் ‘கோஹெலெத்’ என்றொரு நூல் உண்டு. பழைய தமிழ்ப் பதிப்பில் அதன் பெயர் ‘பிரசங்கி’. பொது மொழிபெயர்ப்பில் ‘சபை உரையாளர்’. உலக வாழ்வின் நிலையாமையைப் பேசும் அந்நூலின் உயிர்நாடி ‘ஹெவெல்’ என்னும் ஒரு சொல். பழைய திருப்புதல் அதனை ‘மாயை’ எனப் பெயர்த்தது. கேட்பதற்கு இனிய, ஆழ்ந்த சொல்லே. ஆயினும் தஞ்சை நாட்டில் அச்சொல்லை வெறுஞ்சொல்லாக எவர் படிப்பார்? வேதாந்தம் பயின்றவர், உலகம் உள்ளதுபோல் தோன்றும் இல்பொருள் என அந்நூல் கூறுவதாகக் கொள்வார். சைவ சித்தாந்தம் பயின்றவருக்கு மாயை என்பது மும்மலங்களுள் ஒன்று. உலகத்துக்கு முதற்காரணமாய், அழிவில்லாத உள்பொருளாய் நிற்பது. ஒரே சொல்லை வைத்து இருவரும் நேர் எதிரான இரு முடிவுக்கு வருவர். இரண்டும் அந்நூலாசிரியர் கருதியதன்று.

‘ஹெவெல்’ என்பதன் முதற்பொருள் மூச்சு. வாயினின்று வெளிப்பட்டு உடனே கரைந்துபோகும் ஆவி. மார்கழிக் காலையில் வாய் திறந்தால் புகைபோல் தோன்றி மறைவது எதுவோ அது. அஃது இல்பொருள் அன்று, கண்ணால் காண்கிறோம். நிலைபொருளும் அன்று, கையால் பற்ற இயலாது. அவ்வளவே அந்நூலார் சொன்னது. ஆதாமின் இளைய மகன் ஆபேலின் பெயரும் எபிரேயத்தில் இதே ‘ஹெவெல்’தான். தமையனால் கொல்லப்பட்டு மூச்சுப்போல் மறைந்த இளைஞனின் பெயரே, வாழ்வின் நிலையாமைக்கும் சொல்லாகி நிற்பதை எபிரேயம் படிப்பவர் காண்பர். தமிழில் படிப்பவர் காண வழியில்லை. பொது மொழிபெயர்ப்பு ‘மாயை’யை விடுத்து ‘வீண்’ என்றது. தத்துவச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் மூச்சு என்னும் உருவகம் அதிலும் இல்லை. மொழிபெயர்த்தோர் குற்றம் அன்று இது. மொழிபெயர்ப்பு என்பதன் எல்லையே இதுதான்.

இத்தகைய இடங்கள் பல. மனிதன் எனப் பொருள்படும் ‘ஆதாம்’ என்பதோடு, ‘அதாமா’ என்னும் நிலத்தைக் குறிக்கும் சொல் ஒலியால் இணைகிறது. மண்ணினின்று மனிதன் உருவாகி, அம்மண்ணையே உழுது, அம்மண்ணுக்கே திரும்புகிறான் என்னும் கருத்து அவ்விரு சொற்களிலேயே அடங்கியுள்ளது. வயலை நம்பி வாழும் நம் மக்களுக்கு இதனினும் நெருங்கிய செய்தி எது? தமிழில் அவன் ஒரு பெயராக மட்டும் நின்றுவிட்டான். ‘பெத்லகேம்’ என்பது அப்பத்தின் வீடு. ‘லெஹெம்’ என்னும் எபிரேயச் சொல் அப்பத்தையும் உணவையும் குறிக்க, அதன் அரபு உடன்பிறப்பு இறைச்சியைக் குறிக்கும். எம்மக்களுக்கு எது முதன்மை உணவோ அதுவே சொல்லின் பொருளாகிறது. அவ்வகையில் நெற்களஞ்சியமாகிய இந்நாட்டார் அவ்வூரைச் சோற்றில்லம் என விளங்கிக்கொள்வதில் பிழையில்லை.

சில இடங்களில் தமிழ் எபிரேயத்துக்கு வியப்புறும் வகையில் ஈடு கொடுக்கிறது. காற்று, மூச்சு, இறையாற்றல் என மூன்றையும் ‘ரூவாஹ்’ என்னும் ஒரே சொல் குறிக்கும். ஆங்கிலத்தார் இடத்துக்கு ஒரு சொல்லாகப் பிரித்துப் பெயர்க்க வேண்டியவராயினர். தமிழில் ‘ஆவி’ என்பது நீராவியும், மூச்சும், உயிரும் ஆகும். முற்காலக் கத்தோலிக்கத் தமிழில் போர்த்துக்கேசிய வழியாக ‘இஸ்பிரீத்து சாந்து’ என வழங்கியதை விடுத்துப் ‘பரிசுத்த ஆவி’, ‘தூய ஆவி’ என்று பிற்காலத்தார் கொண்டது தமிழுக்கும் மூலத்துக்கும் ஒருங்கே நன்மை.

திருப்பெயர் பற்றிய செய்தியும் இவ்வகைத்தே. உச்சரிக்கப்படாத நான்கு மெய்களின்மேல், ‘அதோனாய் எனப் படி’ என நினைவூட்டுவதற்காக அச்சொல்லின் உயிர்க்குறிகளை மசோரெத்தியர் இட்டனர். ஒன்றன் மெய்யையும் மற்றதன் உயிரையும் கூட்டிப் பிற்கால ஐரோப்பியர் படித்ததால் ‘யெகோவா’ என்னும் வடிவம் தோன்றியது. தமிழில் பலர் நாவில் பயிலும் அவ்வடிவத்தின் வரலாறு, எபிரேய எழுத்தை அறிந்தவருக்கே நன்கு விளங்கும்.

வளனும் கருணையனும்

எபிரேயப் பெயரின் பொருள் தமிழ்க் கவிதையில் எவ்வாறு மலரும் என்பதற்குச் சான்று நம் அருகிலேயே உள்ளது. பூண்டி, ஏலாக்குறிச்சி ஆகிய தலங்களோடு இணைத்துப் போற்றப்படும் வீரமாமுனிவர் 1680 முதல் 1747 வரை வாழ்ந்தவர். அவருடைய பன்மொழிப் புலமையில் எபிரேயத்தையும் சேர்த்துக் கூறுவர் வரலாற்றாசிரியர். அவர் இயற்றிய தேம்பாவணி 3 காண்டம், 36 படலம், 3615 பாடல் கொண்ட காப்பியம். யோசேப்பே அதன் தலைவர். அவரைக் கவிஞர் ‘வளன்’ என அழைத்தார். ‘யோசேப்’ என்னும் எபிரேயப் பெயருக்கு ‘அவர் மேலும் தருவார், பெருகச் செய்வார்’ என்பது பொருள். பெருக்கத்தைக் குறிக்கும் வளம் தமிழில் வளனாயிற்று. திருமுழுக்கு யோவானை அவர் ‘கருணையன்’ என்றார். ‘யோகனான்’ என்பதற்கு ‘இறைவன் கருணை காட்டினார்’ என்பது பொருள். பெயரைத் தமிழொலிக்கு வளைப்பதோடு நில்லாமல், பொருளையே தமிழாக்கியதால் அப்பெயர்கள் நம் காப்பியப் பெயர்களாகவே ஒலிக்கின்றன. பள்ளி மாணவர் கருணையனின் புலம்பலைப் படித்து உருகும்போது, அவர்தம் நெஞ்சைத் தொடுவதில் ஓர் எபிரேய வேருக்கும் பங்குண்டு.

மயிலும் அகிலும்

தமிழுக்கும் எபிரேயத்துக்கும் உள்ள தொடர்பு எனில், பலர் மயிலையே முதலில் கூறுவர். சாலமோன் மன்னனின் கப்பல்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை கொணர்ந்த பொருள்களின் பட்டியலில் ‘துக்கியீம்’ என்றொரு சொல் உண்டு. அது தமிழ்த் ‘தோகை’யினின்று வந்தது எனவும், ‘அஹலீம்’ என்னும் நறுமணப் பொருள் ‘அகில்’ எனவும் கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில் காட்டினார். அறிஞர் பலர் உடன்பட்டனர். ‘துக்கியீம்’ மயிலன்று, எகிப்திய மொழி வழிவந்த குரங்கின் பெயர் என்று மறுத்தோரும் உண்டு. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கயீம் ராபின் 1973இல் சாலமோனின் உன்னதப் பாட்டைச் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டு எழுதினார். ஆபிரகாம் மரியசெல்வம் அதே பொருளை விரிவாக ஆய்ந்த நூல் 1988இல் உரோமையில் வெளிவந்தது. தலைவி கூற்றாகவே பெரும்பாலும் நடக்கும் அப்பாடலை, திணையும் துறையும் அறிந்த தமிழர் படிப்பதற்கும் பிறர் படிப்பதற்கும் வேறுபாடு இருந்தே தீரும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் வேண்டற்பாலது. ஒலி ஒப்புமை சில கண்டவுடன் எபிரேயம் தமிழினின்று பிறந்தது என்றோ, தமிழ் எபிரேயத்தினின்று பிறந்தது என்றோ கூறுவோர் உளர். அது மொழியன்பும் அன்று, மொழியாராய்ச்சியும் அன்று. இரண்டும் வேறு வேறு குடும்பங்கள். கடன்கொண்ட சொற்கள் சில உண்டு. அவை வணிகர் கலத்தில் சென்றவை. அவ்வளவோடு நிற்பதே இரு மொழிக்கும் மதிப்பு.

கற்பதன் நியாயம்

எபிரேயம் கற்க வேண்டியவர் யார்? கிறித்தவ மறையுரையாளருக்கு அது கடமை எனலாம்; இறையியல் கல்லூரிகளில் அது கற்பிக்கப்படுகிறது. ஆயின் அவ்வளவோடு நின்றுவிடுவது தமிழுக்குப் போதாது.

முதலாவது நியாயம், நாம் பிறரிடம் எதிர்பார்ப்பதை நாமும் செய்தல். திருக்குறளின் ‘அறம்’ என்னும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் ஈடில்லை என்கிறோம். போப் ஐயர் 1886இல் குறளை ஆங்கிலத்தில் தந்தும், தமிழில் படித்தாலன்றிக் குறளின் சுவை தெரியாது என்கிறோம். அவ்வாறே எபிரேயத்தில் ‘ஹெசெத்’ என்றொரு சொல்லுண்டு. உடன்படிக்கையில் வழுவாத பற்றும், தகுதி கருதாத அன்பும் ஒருங்கே அமைந்த சொல் அது. பழைய பதிப்பு ‘கிருபை’ என்றது. பொது மொழிபெயர்ப்பு ‘பேரன்பு’ என்றது. முன்னதில் அருள் உண்டு, பின்னதில் அன்பு உண்டு. உறவில் மாறாமை இரண்டிலும் முழுமையாக இல்லை. நம் சொல்லுக்கு நாம் கோரும் நீதியைப் பிறர் சொல்லுக்கும் வழங்குவதே பண்பு.

இரண்டாவது, உ.வே. சாமிநாதையர் காட்டிய வழி. சைவக் குடும்பத்தில் பிறந்த ஐயர், சீவகசிந்தாமணியைப் பதிப்பிக்க முற்பட்டபோது சமணக் கருத்துகள் விளங்காமல், கும்பகோணத்துச் சமணர் இல்லம் சென்று கேட்டுத் தெளிந்தார். 1887இல் அந்நூல் வெளிவந்தது. ஒரு சமயத்தின் நூலை அச்சமயத்தாரின் சொல்வழக்கை அறிந்தே விளக்க வேண்டும் என்னும் நெறியை அவர் தம் உழைப்பால் நிலைநாட்டினார். எபிரேய மறையைப் பற்றித் தமிழில் பேசுவோர், வாழ்த்துவோராயினும் மறுப்போராயினும், அந்நெறியினின்று விலகுதல் தகாது.

மூன்றாவது, மொழி வாழ்வு பற்றிய பாடம். வழிபாட்டில் மட்டும் எஞ்சிய எபிரேயத்தை மீண்டும் பேச்சுமொழியாக்க எலியேசர் பென் யெகூதா 1881இல் பாலத்தீனத்தில் குடியேறினார். 1882இல் பிறந்த தம் மகனோடு எபிரேயம் மட்டுமே பேசினார். பனிக்கூழுக்கும் அகராதிக்கும் மறையில் சொல் இல்லை. பழைய வேரினின்று புதிய சொல் படைத்தார். 1922இல் பிரித்தானிய ஆட்சிப் பொறுப்பு ஆவணம் எபிரேயத்தை ஆங்கிலம், அரபு ஆகியவற்றோடு ஆட்சிமொழியாக ஏற்றது. கலைச்சொல்லாக்கம் பற்றித் தமிழில் நாம் நடத்தும் ஆய்வுகளுக்கு அவ்வரலாறு நேரடியாகப் பயன்படும். தமிழ் ஒருபோதும் பேச்சினின்று மறைந்ததில்லை. ஆயினும் வீட்டில் குழந்தையோடு பேசும் மொழியே வாழும் மொழி என்னும் உண்மை நமக்கும் உரியது. அம்மறுமலர்ச்சி ஓர் அரசியல் வரலாற்றோடும் பிணைந்தது. அதன் துயரங்களை மறக்க வேண்டுவதில்லை. மொழியைக் கற்பது எந்த அரசுக்கும் ஆதரவு ஆகாது என்பதையும் மறக்க வேண்டுவதில்லை.

தொடங்குவதற்குத் தடை பெரிதன்று. எழுத்துகள் 22 மட்டுமே. நாளுக்கு ஒன்றாகப் பயின்றாலும் ஒரு திங்களுக்குள் எழுத்துக் கூட்டலாம். ஆமென், அல்லேலூயா, ஓசன்னா என்னும் மூன்று சொற்கள் முன்பே நாவில் உள்ளன. ‘ஆமென்’ என்பது உறுதியைக் குறிக்கும் வேரினின்று வந்தது. நம்பிக்கை என்னும் சொல்லும் அவ்வேரினதே. ‘அல்லேலூயா’ என்பது ‘யாவைப் போற்றுங்கள்’ என்னும் தொடர். ‘ஓசன்னா’ என்பது ‘மீட்டருளும்’ என்னும் வேண்டுகோள். இவற்றின் பொருளறிந்து சொல்வதே முதற்பாடம் ஆகலாம். அடுத்து வேண்டுவது தமிழ்வழி எழுதப்பட்ட நல்ல எபிரேய இலக்கணமும், தமிழ்ச் சொல்லுக்கு நேராகப் பொருள் கூறும் எளிய அகராதியும். ஆங்கில வழியாகவே அம்மொழியை அணுகும்வரை, ‘ரூவாஹ்’ என்பதற்கு அருகில் ‘ஆவி’ நிற்பதை நம் மாணவர் காணாமலே கடந்து செல்வர்.

இலக்கிய வட்டம் ஒன்று பத்தாண்டு நிறைவு காணும் வேளையில் பிறமொழி ஒன்றைப் பற்றி எழுதுவது பொருத்தமா எனச் சிலர் கருதலாம். கடல் கடந்து வந்த இளைஞர் ஒருவர் முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தரங்கம்பாடி மணலில் அகர முதல எழுத்தைக் கற்றார். தமிழ் உரைநடைக்கும் அச்சுக்கும் அதனால் விளைந்த நன்மையை நாம் நுகர்கிறோம். அம்மேசையின் மறுபுறத்தில் விரிந்து கிடந்த நூலை அதன் மொழியிலேயே படிக்கும் கடன் நம்மிடம் இன்னும் பெரும்பாலும் தீராமல் இருக்கிறது. அதனைத் தீர்க்க முற்படும் இளைஞர் ஒருவர் இருவரேனும் காவிரிக் கரையினின்று எழுவாராயின், தமிழ் உரைமரபு மேலும் ஒரு மறையைத் தன் கண்ணாலேயே படித்ததாகும்.